விளக்கில் எரிந்த மசகு

பார்த்தசாரதி மாமிசம் தொடாதவன். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியும் தொடாதவன். ரொட்டிக் கடைக்குப் போனால் முதலில் கத்தியைத்தான் உற்றுப் பார்ப்பான். அதில் பிசுக்குத் தெரிந்தால், நறுக்காமல் முழு ரொட்டியாகவே கொடுங்கள் என்பான். வேலை டோர்ட்முண்டில், ஓர் உலோக ஆராய்ச்சிக் கூடத்தில். குடியிருப்பு பக்கத்து ஊரான ஹம்மில், ரயில்வேயில் வேலை பார்க்கும் வீன்ஹோல்ட் என்பவர் வீட்டு மாடியில். பாலும் உருளைக்கிழங்குமாகவே ஆள் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தான். இப்படிப்பட்ட ஆசாரசீலன் மூன்று வருஷமாக மாட்டுக்கொழுப்பைத் தன் கையாலேயே உருக்கிக்கொண்டிருந்தான். கேட்டால் நம்ப முடியாதுதான். ஆனால் மனுஷ ஜென்மம் அப்படித்தான், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும்.

அது துப்பாக்கிக்காக. வீன்ஹோல்ட் அந்த ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் முக்கியமான ஆள். குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்கிச் சுடும் பழங்காலத் துப்பாக்கிகள்மேல் அவருக்குப் பைத்தியம். தனியாக மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வாடகைக்காரனை ஒருநாள் அவர் கையோடு அழைத்துக்கொண்டு போனார். சுடுவதில் பார்த்தசாரதி சுமார்தான். குண்டு வார்ப்பதிலும் மசகு காய்ச்சுவதிலும் அவனுக்குக் கை நன்றாக வந்தது.

மசகு இல்லாவிட்டால் மருந்து எரிந்த கரி குழாயில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அடுத்த குண்டு பாதியில் சிக்கிவிடும். தேன்மெழுகையும் மாட்டுக்கொழுப்பையும் இளஞ்சூட்டில் உருக்கிக் கலப்பான். வார்த்த குண்டுகளை ஒரு தட்டில் வரிசையாக நிற்கவைத்து, குண்டின் இடுப்பைச் சுற்றியிருக்கும் பள்ளங்கள் மூழ்கும்வரை ஊற்றுவான். ஆறியதும் இட்லி எடுப்பதுபோல ஒவ்வொன்றாக அழுத்தி வெளியே எடுப்பான். மிஞ்சிய மசகை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைத்துத் தன் அறை அலமாரியில் வைத்துக்கொள்வான். சங்கத்துக்காரர்கள் தோளில் தட்டினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான். தட்டில் வந்தால் அது மாடு, சட்டியில் வந்தால் வெறும் கொழுப்பு என்று அவன் படித்த வேதியியல் அவனைத் தட்டித் தூங்கவைத்திருந்தது.

எழுபத்தொன்றில் லீவில் சென்னைக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு தனியாகத் திரும்பினான்; பெண் சில மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். பெண்ணின் பெயர் வேதவல்லி. திருவல்லிக்கேணிக் கோயில் தாயார் பெயரும் அதுதான்; அந்த ஊர்ப் பார்த்தசாரதிக்கு வேதவல்லியை விட்டால் வேறு யார், என்று ஜாதகத்தைக்கூட அரைகுறையாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். அவளுடைய அண்ணா ஹம்பேர்க்கில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்தார். "பிடிக்கலேன்னா அண்ணாகிட்டப் போய்ச் சொல்லு, அவன் உன்னைக் கப்பலேத்தி அனுப்பிடுவான்" என்று அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதை அவள் முதல் நாளே பார்த்தசாரதியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

வந்த புதிதில் அவள் வாயையே திறக்கவில்லை. நவம்பர் மாதம், சாயங்காலம் என்று ஒன்று வருவதற்குள் இருட்டிவிடும். ஒருநாள் அவன் வேலையிலிருந்து வந்தபோது அறை வெளிச்சமாக இருந்தது. பெருமாள் படத்தின் முன்னால் பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேதவல்லி நெற்றியில் பளிச்சென்று குங்குமத்தோடு திரும்பி, அவனைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"விளக்கேத்த எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன்னு லெட்டர்ல எழுதினேளே, நான் நம்பவேயில்லை. தேன் வாசனை எப்படித் தூக்கறது பாருங்கோ! இந்த ஊர்ல நெய்க்கு எங்கே போறதுன்னுதானே மெழுகாப் பாத்துப் பண்ணி வெச்சேள்?"

அலமாரிக்குள் இருந்த பிஸ்கட் டப்பா அவள் கையில் திறந்திருந்தது.

பார்த்தசாரதி கடிதத்தில் எழுதினானே தவிர விளக்குக்கு ஒன்றும் வாங்கியிருக்கவில்லை, மறந்துபோயிருந்தான். மூன்று வருஷத்துத் தூக்கமும் அந்த ஒரு நொடியில் கலைந்தது. பெருமாளுக்கு முன்னால் மாட்டுக்கொழுப்பு எரிகிறது! சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் இவள் இந்த வீட்டில் இருக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து சங்கத்துக் கொட்டகையே கதியாகக் கிடந்தான். கொழுப்பில்லாமல் மசகு காய்ச்சினான். மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கித் தேன்மெழுகோடு கலந்தான். முதலில் மெழுகு கூடிப்போய்க் கல்லாக உறைந்து பள்ளங்களிலிருந்து உதிர்ந்தது. எண்ணெயைக் கூட்டினால் குண்டுப் பையிலேயே வழிந்தது. ஒருதடவை வீன்ஹோல்டின் துப்பாக்கியில் குண்டு நட்டநடுவில் சிக்கிக்கொண்டு, கழற்றி எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"நன்றாக இருந்ததை ஏன் மாற்றுகிறாய்?" என்று அவர் சிடுசிடுத்தார்.

"என் மனைவிக்காக."

வீன்ஹோல்டும் குடும்பஸ்தர்தான். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒருவழியாகக் கலவை கூடி வந்தது. அதே நிறம், அதே வாசனை. பழையதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, டப்பாவை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, புதியதை நிரப்பி அதே இடத்தில் வைத்தான். விளக்கையும் பாலிஷ் போடுகிற சாக்கில் தேய்த்துத் தள்ளினான். இனி நிம்மதி என்றுதான் நினைத்தான். ஆனால் வேதவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவள் நீட்டிய தம்ளரைக்கூட விரல் படாமல் வாங்கினான். புது மாப்பிள்ளைக்கு இதென்ன விரதம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் முகம் வாடிக்கொண்டே போனாள். அதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், பாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள்: "அப்பாவுக்கு எழுதப் போறேன். மிலேச்ச தேசம்னு பயந்தாரே, இந்தாத்துல விளக்கு ஒருநாள்கூட அசுத்தப்பட்டதில்லேன்னு. அதுதானே எனக்கிருக்கற ஒரே சந்தோஷம்."

அந்த 'ஒரே' என்ற சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

வேதவல்லி அழவில்லை. எழுந்து போய்ப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்தாள். பிறகு, "என்னை ஹம்பேர்க்குக்கு ரயிலேத்திவிடுங்கோ" என்றாள்.

அவன் தடுக்கவில்லை. தடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். ஹம் ஸ்டேஷனில் காற்று ஊசியாகக் குத்தியது. பெஞ்சில் இந்தக் கோடியில் அவனும் அந்தக் கோடியில் அவளுமாக உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "மாத்தணும்னா கடையில ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி வெச்சிருக்கலாமே? எதுக்கு இத்தனை பாடு?"

"அந்தத் தேன் வாசனை உனக்குப் பிடிச்சிருந்தது. அது திடீர்னு இல்லாமப் போயிட்டா நீ ஏமாந்துபோவியேன்னுதான்."

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சரி, விளக்குக்கு அது. துப்பாக்கிக்கு ஏன் மாத்தினேள்? அங்கே பழசே இருந்திருக்கலாமே. எனக்கென்ன தெரியப்போறது?"

பார்த்தசாரதி தன் கைகளைப் பார்த்தான். சோப்புப் போட்டுப் போட்டு அவை வெடித்துப்போயிருந்தன.

"அதைத் தொட்ட கையால உன்னைத் தொட மனசு வரலை, வேதா. மாத்தினப்புறமும் வரலை. உன்கிட்டப் பொய் சொல்லிண்டிருந்தேனே."

அவள் சட்டென்று திரும்பினாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அதனாலதானா? இத்தனை நாளா அதனாலதானா?" என்றாள். "நான் கறுப்பா இருக்கேன், உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். அம்மாவுக்குக்கூட எழுத முடியாம எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? பெருமாளுக்காகவா ரயிலேறப் பாத்தேன்? அவருக்குத் தெரியாதா என் மனசு! அவர் பொறுத்துண்டுடுவார். உங்களுக்கு நான் வேண்டாமோங்கறதைத்தான் என்னால பொறுக்க முடியலை."

ஹம்பேர்க் வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பார்த்தசாரதி அரையும் குறையுமாக எழுந்து, பெட்டியை எடுக்கக் கையை நீட்டினான். வேதவல்லி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார்த்திவைத்தாள். வெடித்த விரல்களைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஐஸா இருக்கு" என்றாள். வண்டி புறப்பட்டுப் போனபிறகும் விடவில்லை.