சூரியநெல்லி வேகம் சமவெளியில் செல்லவில்லை

சூரியநெல்லியில் கல்யாண வீடியோ எடிட் செய்பவன் நான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கம்ப்யூட்டரின் பிராசஸரை ஓவர்கிளாக் செய்து, அதற்குரிய வேகத்துக்கும் மேலே ஓடவிட்டிருந்தேன். எங்கள் ஊர்க் குளிரில் அது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

சித்திரை மாதம், கல்யாண வீட்டாருடன் உட்கார்ந்து வீடியோவை முடிக்கலாம் என்று கம்ப்யூட்டரை மலைக்குக் கீழே, வெயில் கொளுத்தும் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோனேன். தகர ஷீட் போட்ட மாடி அறை. பட்டனை அழுத்தினால் விண்டோஸ் படம் வந்தது, உடனே அணைந்தது. மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. கேமரா கார்டுகளை நான் முன்பே அழித்திருந்தேன். முழுக் கல்யாணமும் இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மோர் கொண்டுவந்த மணப்பெண்ணின் அம்மா கம்ப்யூட்டர் மேல் கை வைத்தவர், வெடுக்கென்று எடுத்தார்.

"ஏனுங்க தம்பி, பொட்டி தோசைக்கல்லாட்டம் சுடுதுங்களே!"

அப்போதுதான் அந்தக் கூடுதல் வேகம் நினைவுக்கு வந்தது; இந்த வெயிலில் பிராசஸர் சூடேறித்தான் அணைகிறது, டிஸ்க்கால் அல்ல. கரண்டைப் பிடுங்கி, மதர்போர்டின் பட்டன் பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினேன். ஓவர்கிளாக் செட்டிங் அழிந்து, பிராசஸருக்குரிய வேகமே திரும்ப வந்தது. கம்ப்யூட்டரும் அணையாமல் ஓடியது.

"எங்க, தாலி கட்டறதைப் போடுங்க" என்றார் அம்மா, ஒன்றும் அறியாமல்.

இப்போது மலை இறங்கும் முன் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். கார்டுகளை மட்டும் நான் அழிப்பதே இல்லை. வீடியோவை முழுதாகப் பார்த்த பிறகு, மணப்பெண்ணே தன் கையால் அழிக்கட்டும்.