கடலுக்குள் விழுந்த நம்பர்

என் அக்கா பவானியின் வீட்டுக்காரர் தேசப்பன் மாமாவுக்கு எதிலும் சந்தேகம். டீக்கடையில் டீ நன்றாக இருந்தால்கூட, "இன்னிக்கி இன்னாத்துக்கு இவ்ளோ நல்லா போட்டுகிறான்?" என்று கேட்பார். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டார். அக்கா சிரித்தால் என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். இப்படி ஒரு மனிதரோடு ஒரே படகில் பதினோரு வருஷம் தூண்டில் போட்டவன் நான். எனக்குக் கோயில் கட்டலாம்.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். கடலுக்கு அடியில் பாறை இருக்கும் இடத்துக்கு எங்கள் பேச்சில் 'பாரு' என்று பெயர். களவா, சங்கரா மீனெல்லாம் அங்கேதான் அண்டும். ஒருவன் ஒரு பாரைக் கண்டுபிடித்தால் அது அவன் சொத்து. சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டான். அடுத்தவன் பாரைக் காட்டிக்கொடுத்தவனை அப்புறம் எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். ஜி.பி.எஸ். மெஷின் வந்த பிறகு பாரு என்பது வெறும் நம்பராகிவிட்டது. மாமா அந்த நம்பரை மெஷினில்கூடப் பதிந்து வைக்கவில்லை. மனசுக்குள் வைத்திருந்தார். அங்கே போகும்போது மெஷினை மடியில் வைத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்.

மும்பையில் கடல் வழியாக வந்து சுட்டார்களே, அதற்கு அடுத்த மாசி. புது ஆள் யாராவது கரையில் திரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று போலீஸ்காரர்கள் குப்பத்தில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சும்மாவே ஆடுகிறவர் மாமா. அரசாங்கமே கொட்டும் அடித்துவிட்டது.

அன்று காலை கடலிலிருந்து திரும்பி, படகுக்கு முட்டுக்கொடுக்கக் கட்டை வெட்ட நானும் அவரும் உப்புத் தண்ணீர் தேங்கும் கழுவெளி ஓரம் போனோம். சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. தூரத்தில் ஓர் ஆணும் பெண்ணும். பேன்ட், தொப்பி, முதுகில் பை. ஆள் கையில் எங்களிடம் இருப்பது போலவே மெஷின். பெண் கையில் ஒரு பேப்பர். நாலடி நடப்பார்கள், நிற்பார்கள், குனிந்து புதருக்குள் பார்ப்பார்கள். யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"பாத்தியாடா? நெலத்த அளந்துகினு கீறாங்கோ. இல்லாட்டி குண்டு" என்றார் மாமா.

"ஏதாச்சும் தொலைச்சிட்டுத் தேடுறாங்களோ இன்னாவோ மாமா."

"நீ இன்னாத்துக்கு அவங்களுக்குப் பரிஞ்சி பேசற?"

கொஞ்ச நேரம் புதர் மறைவில் பின்னாலேயே போனோம். பிறகு மாமா கத்தியோடு பாதையில் குதித்தார். பாவம், அந்த ஆள் பயந்து மெஷினையே கீழே போட்டுவிட்டார்.

"இன்னா தேடிகினு கீறீங்கோ இங்க?"

பெண்தான் பதில் சொன்னாள். "சொம்மா ஒரு வெளாட்டுண்ணே. டப்பா தேடறோம்." பெயர் மகிழினியாம், வியாசர்பாடியாம், கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலையாம், கூட இருப்பவர் வீட்டுக்காரர் வரதனாம். மாமா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பேப்பரைப் பிடுங்கினார். மேலே பெரிதாக ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அடுத்த நொடி என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

கரை வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்தார். பேப்பர் அவரிடம் இருந்ததால் அந்த இருவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த இருபது பேராவது எழுந்து நின்றார்கள்.

"எல்லாரும் பாருங்கப்பா! என் பார வித்துட்டான், எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்! பதிமூணு, பதினாலு, அறுநூத்திப் பத்து! எம்பது, இருவத்தொண்ணு, எட்நூத்தி எழுவது! பேப்பர்ல அச்சடிச்சே குட்துகிறான். என்துல கடைசி நாப்பத்திரெண்டு, இவன் எழுவதுன்னு மாத்தினா எனுக்குத் தெரியாதா?"

நம்பரே தெரியாதவன் எதை விற்பான்? ஆனால் கூட்டம் என்னைப் பார்த்த பார்வை வேறு. இனி இந்தக் கரையில் எனக்குப் படகு கிடையாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

மகிழினி நடுவில் வந்தாள். "அண்ணே, அந்த நம்பரு டூப்பு. யாரோ ஒர்த்தர் டப்பாவ ஒளிச்சி வெச்சிட்டு இன்டர்நெட்ல புதிர் போடுவாரு. மேல இருக்கறது சொம்மா போக்கு காட்ட. அதான் கடலுக்குள்ள வுழுது. கீழ கீற கேள்விக்கெல்லாம் பதில் போட்டுக் கூட்டினாதான் நெச எடம் வரும். அது இந்தக் காட்டுக்குள்ளதான் கீது."

"அப்ப டப்பாவக் காட்டு" என்றார் மாமா.

திரும்பவும் காட்டுக்கு. பெரிய படகுக்காரர் பரசுராமனும் நாலைந்து பேரும் சாட்சிக்கு வந்தார்கள். மெஷின் ஒரு இடத்தில் நின்று, இங்கேதான் என்றது. பதினைந்தடி முன்னே பின்னே இருக்குமாம். வரதன் தேடினார், அவள் தேடினாள். விளையாட்டுக்குத் தேடியவர்கள் அவர்கள். நான் பிழைப்புக்குத் தேடினேன். முள் கையைக் கிழித்தது தெரியவில்லை. உடைந்த வேலிக் கல்லின் அடியில் கையை விட்டேன், பாம்பு இருந்தால் இருக்கட்டும் என்று. வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் டப்பா.

உள்ளே சாவிக்கொத்து, கோலிக்குண்டு, ஒரு சின்ன நோட்டு. தேடி எடுத்தவர்கள் அதில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டுமாம். மூன்று பெயர் இருந்தது. மாமா பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் நம்பரைத் தேடினார். இல்லை. யாரோ கடலில் எங்கேயாவது விழட்டும் என்று போட்ட நம்பர் நேராக அவர் பாரில் போய் விழுந்திருக்கிறது. அது அவர் தலையெழுத்து. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "சரி சரி, காலீல வந்துடு" என்றார்.

போனேன். அக்காவுக்காகத்தான். வெளுப்பதற்கு முன்பே கிளம்பி, விடியும்போது பாரை நெருங்கினோம். அங்கே ஒன்பது படகுகள் நின்றன.

மாமா இன்ஜினை அணைத்தார். "இவங்களுக்கு யார்ரா சொன்னது?" என்று கேட்டு, பழக்கதோஷம், என்னைத்தான் பார்த்தார்.

"நீதான் மாமா. நேத்து கரையில நின்னுகினு என்னியத் திருடன்னு சொன்னியே, அப்ப."

"கடைசி நாப்பத்திரெண்டுகூடவா சொன்னேன்?"

"ஆமா."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்னவன்கூட அளவு சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. தப்பு பண்ணிட்டேன்டா என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதே இருப்பேன். அவர் சொல்லவில்லை. கரைக்குத் திரும்பியதும் இறங்கினேன். அவர் படகில் அப்புறம் ஏறவே இல்லை.

அடுத்த வாரம் பரசுராமன் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். முதல் நாள் கடலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பாஸ்கரு, உங்க மாமனுக்கு வடக்கால இன்னொரு பாரு கீதாமே. எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அனல்மின் நிலையத்தின் நடுப் புகைபோக்கியும் கரையில் தனியாக நிற்கும் பனையும் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடம். பதினோரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டா போய்வந்தேன்?

"தெரியாதுண்ணே" என்றேன்.