கலவானையில் நின்ற ஸ்கூட்டர்

நிரோஷனுக்குப் பொய் சொல்வதுதான் வேலை. மனிதர்களிடம் அல்ல, லொறிகளில் பூட்டும் ஜி.பி.எஸ். கருவிகளிடம். பெல்மதுளைச் சந்தியில் இருக்கிறது, அவன் வேலை செய்யும் ஹில்மியின் கடை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறிகளுக்குப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கருவியையும் சோதிக்க வேண்டும். அதற்காக மலை மலையாக லொறி ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா? மேசையில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. கணினியில் உள்ள மென்பொருள் சொன்னபடி, வானத்துச் செயற்கைக்கோள்கள் அனுப்புவது போலவே அது சமிக்ஞை அனுப்பும். கருவி மேசையிலேயே கிடந்துகொண்டு, மலைப்பாதையில் ஏறுவதாக நம்பும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த நிரோஷன் தானாகவே கற்றுக்கொண்ட வித்தை இது. கெட்டிக்காரன்தான், ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த விஷயம் அவன் மனைவி ஜீவராணி. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளை முதலில் பெண் கேட்டு வந்தவன் கிருஷ்ணராஜ் என்ற தோட்ட நலன்புரி அதிகாரி. வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். ஆனாலும் போன திருவிழாவில் அவன் "சொகமா?" என்று கேட்டதும் அவள் சிரித்தாள் பாருங்கள், அதிலிருந்து நிரோஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய சட்டை, பைக், சுருட்டை முடி எல்லாமே இவனுக்கு வயிற்றெரிச்சல். கிருஷ்ணராஜ் மலைக்கு அப்பால் உள்ள கலவானைக்கு மாற்றலாகிப் போனதை யார் யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டான். வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாளே ஜீவராணியின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒரு கருவியைக் களவாகப் பூட்டினான், வெட்கங்கெட்டவன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சோதித்தது கலவானைப் பாதையை. சமிக்ஞை கேபிள் வழியாகத்தான் மூடிய இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்; உள்ளேதான் சோதிக்கும் கருவி இருக்கும், சமிக்ஞை வெளியே கசியாது. அன்று கேபிளின் முனை கழன்றுவிட்டது.

"புதுசு வாங்கிட்டு வாறேன் மச்சான். அதுவரைக்கும் சிக்னல காத்துல உட்டுறாத, சட்டப்படி குத்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஹில்மி கொழும்புக்குப் போனான். இவன் கேட்டானா? குட்டி அன்டெனா ஒன்றை மாட்டி ரேடியோப் பெட்டியை முடுக்கிவிட்டான்.

மத்தியானம் போனை எடுத்து ஸ்கூட்டர் எங்கே என்று பார்த்தான். ஓயாமல் பார்ப்பதுதானே. புள்ளி கலவானையில் நின்றது.

சற்றுமுன் தோட்டத்தில் நின்ற வண்டி எப்படி மலை தாண்டிப் பறந்தது என்று எந்த மடையனும் கேட்டிருப்பான். தன் மேசையிலேயே கலவானை ஓடிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்திருப்பான். பொறாமை பிடித்தவனுக்கு இதெல்லாம் தோன்றுமா? உடனே அவளைக் கூப்பிட்டான்.

"எங்க நிக்கிற?"

"ஒங்க கடை வாசல்லதாங்க. இன்னிக்கி மடுவம் அரை நாள். சோறு கொண்டாந்தேன். தகரத்துக்கு அடியில வண்டிய விட்டுட்டு..."

"பொய் சொல்லாத! வண்டி கலவானையிலதான நிக்குது? கிருஷ்ணராஜ் அங்க மாறிப் போனா நீயும் பின்னாலயே போயிருவியா?"

கடைக் கதவு திறந்தது. சோற்றுப் பாத்திரத்தோடு ஜீவராணி நின்றாள்.

நிரோஷன் அன்டெனாவைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தான். அவன் காற்றில் விட்ட பொய்யை ஸ்கூட்டரில் இருந்த கருவியும் நம்பியிருந்தது. அட கடவுளே!

"வண்டி எங்க நிக்குதுன்னு ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவன் கண் ஸ்கூட்டர் சீட்டுக்குப் போனது. அவள் வெளியே போனாள். சீட்டைத் தூக்கி, வயரோடு கருவியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"மன்னிச்சிரு புள்ள..."

"அந்த ஆளு எங்க போனாரு, எங்க இருக்காருன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லைங்க. கலவானையில இருக்காருன்னு இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."