பின்கேட்டு

எண்ணூரிலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் கடல் கருங்கற்களில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு வார்ப்புப் பட்டறையில் மண் சலிக்கும் வேலையை அன்று காலைதான் விட்டிருந்தேன். சண்டை எதுவும் இல்லை, மேஸ்திரியும் நல்ல மனிதர்தான். சல்லடையைக் கையில் எடுத்தேன், போதும் என்று தோன்றியது, வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் இப்படித்தான் முடிந்தது.

திருவொற்றியூரில் டீ குடித்தேன். தேரடி தாண்டும்போது செருப்பு அறுந்தது, வீசிவிட்டு நடந்தேன். ராயபுரத்தில் நான் வளர்ந்த தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இடையில் பம்பாய், சூரத் என்று சுற்றியதில் நான் அந்தப் பக்கம் சரியாக வந்திருக்கவில்லை.

தெரு முனை டீக்கடையில் பெஞ்சைக் காணோம். டீக்கடையையும் காணோம். அங்கே தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சைக்கிள் கடை, செல்போனுக்கு கார்டு போடும் கடையாகியிருந்தது. ஆண்கள் வெயில் காலத்தில் கட்டில் போட்டுப் படுக்கும் ஓரத்தில் உறை போட்ட கார்கள் நின்றன. கோடியில் இருந்த பழைய கிடங்கு போய், ஐந்து மாடி ஃபிளாட்ஸ் வந்திருந்தது. நடு மாடி ஒன்றில் பகலிலேயே சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கிடங்கை நினைத்து யாரும் ஏங்கியதாக எனக்குத் தெரியாது. அதில் பாம்பு இருந்தது, குடிகாரர்கள் இருந்தார்கள். ஆனால் அதன் இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து ஓடியது. அதில் புகுந்தால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துச் சாலை. எங்கள் தெருவின் மீன்காரப் பெண்கள் கூடையோடு அதில்தான் விடியற்காலை ஏலத்துக்குப் போவார்கள். வாங்கிய மீனோடு அதே சந்தில் திரும்பி, வண்ணாரப்பேட்டை வீடுகளில் உலை வைக்கும் முன்னால் போய் நிற்பார்கள். சுற்றிப் போனால் ஏலத்தில் நல்ல மீன் தீர்ந்துவிடும். திரும்பி வருவதற்குள் அந்த வீடுகளில் சாம்பார் கொதித்துவிடும்.

அடிபம்பு பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். என் அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டவர். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் வண்ணாரப்பேட்டையில் அல்லவா இருக்க வேண்டும்.

"இன்னாடா, மூஞ்சி அடுப்புல வெச்ச மாதிரி கீது. வேலய வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன்க்கா."

"தெரியும். நீ ஒரு வேலையில வருசம் முட்டும் இருந்தா நான் மொட்ட அடிச்சிக்கறேன்."

"நீ இன்னா இங்க குந்திகினு கீற?"

அவர் ஃபிளாட்ஸ் பக்கம் கையைக் காட்டினார். துணி துவைத்துக்கொண்டிருந்த இன்னொரு மீன்காரப் பெண், அக்காவின் கூட்டாளி, சொன்னார்: "உங்கக்கா ஃபிளாட்ஸ்காரனுக்கு சீர் செஞ்சிட்டா. அதான் வழி பூட்டிகிச்சி."

நடந்தது இது. ஃபிளாட்ஸ் கட்டியபோது சந்து அடைபட்டது; பின்னால், துறைமுகத்துச் சாலைப் பக்கம், ஒரு சின்ன கேட் வைத்தார்கள். சங்கத்துச் செகரட்டரி யானைக்கவுனியிலிருந்து குடிவந்த ஒரு சேட்டு. பெண்கள் போய்க் கேட்டதும், விடியற்காலையில் அந்தக் கேட்டைத் திறந்துவைக்க ஒத்துக்கொண்டார். தரையில் தண்ணீர் சொட்டக் கூடாது, சத்தம் கூடாது என்று மட்டும் சொன்னார். பெண்கள் கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். வந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தபோதெல்லாம் அவரே சமாளித்தார்.

"முன்னல்லாம் சந்துல பூந்து போனோம். இப்ப கேட்டுல கேட்டுட்டுப் போறோம்," என்று அக்கா சொல்லிச் சிரிப்பாராம்.

அந்தச் சேட்டு வீட்டில் பேரன் பிறந்தான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது நடந்த வீட்டுக்கு, அன்றைய ஏலத்தில் எடுத்த முதல் மீனைக் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் அவர்கள் காசை நீட்டிவிடுவார்கள், அது போணியாகிவிடும், சீராகாது. அதனால் யாரும் பார்க்காத நேரத்தில் கதவில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். நான் போனதற்கு முந்தின நாள் விடியலில் அக்கா ஒரு முழு வஞ்சிரத்தை வாழை இலையில் சுற்றி, மஞ்சள் கயிறு கட்டி, ஒரு முழம் பூவும் சுற்றி, மாடியேறிப் போய் சேட்டு வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கதவைத் திறந்தது சேட்டின் வயதான அம்மா. இலையிலிருந்து ரத்தம் சொட்டி வாசல் நனைந்திருந்தது. பூ, மஞ்சள் கயிறு, ரத்தம். குழந்தைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மாள் அலறியதில் ஐந்து மாடியும் கூடிவிட்டது. மறுநாள், அதாவது நான் போன அன்று, காலையில் பின்கேட்டில் பூட்டு தொங்கியது.

"அவங்க கவுச்சி துன்ன மாட்டாங்கன்னு தெரியாதாக்கா?"

"தெரியும்டா. துன்னவா குடுத்தேன்? வேணான்னா வேலைக்காரிக்குக் குடுக்கட்டும். சீர சீரா பாக்கணும்."

கூட்டாளி துணியைப் பிழிந்தபடியே, "ஆங், வஞ்சிரம் வெச்சியே, ஒரு எலுமிச்சங்காயும் வெச்சிருந்தா கரீட்டா இருந்திருக்கும்," என்றார். அக்கா அவர் மேல் தண்ணீரை வாரி அடித்தார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் பாதியில் மாறிவிட்டது.

அவருக்கு இடுப்பில் வலி வந்து வெகுநாளாகியிருந்தது. தலையில் ஈரக் கூடையோடு சுற்று வழியில் நடக்க அவரால் ஆகாது. ஒரு வாரம் மீன் போகாவிட்டால் வண்ணாரப்பேட்டை வீடுகள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த வீட்டை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு ஃபிளாட்ஸுக்குப் போனார். "நீ பம்பாய் பாத்தவன். இந்தில எடுத்து சொல்லு," என்றார். செகரட்டரி கீழே வந்தார். வெள்ளை ஜிப்பா, தூங்காத கண்கள். பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது கற்ற இந்தியில் நான் ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நான் யானைக்கவுனில பொறந்தவன். தமிழ்லயே சொல்லு. உன் இந்தி பேஜாரா கீது."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே நேராகப் பேசினார்.

"நல்லதுக்குத்தான் சேட்டு மாட்டினேன். எங்க சனம் அப்டித்தான் செய்வோம். உம் பேரன் நூறு வருசம் இருக்கணும்."

"நான் நம்பறேன்மா. பூ எதுக்கு சுத்தினே?"

"கொழந்த பொறந்த வூடு. மொட்டையா குடுப்பாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். கேட்டை மூடச் சொல்லி மற்றவர்கள் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள், இதுவரை நான்தான் தடுத்தேன், இப்போது என் வீட்டிலேயே நடந்த பிறகு நான் எந்த வாயால் தடுப்பேன் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இருந்ததாக எனக்குப் படவில்லை. அவர் மேல் கோபப்பட முடிந்திருந்தால் அந்தச் சாயங்காலம் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும்.

"நான் மேல வந்து பெரியம்மா கால்ல வுழறேன்."

"வேணாம்மா. உன்னைப் பார்த்தா இன்னும் பயப்படுவாங்க."

அப்போது கட்டடத்தின் பின்னாலிருந்து நீல வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. சுற்றிப் போய்ப் பார்த்தோம். பூட்டை உடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, கேட்டைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெல்டர் எங்கள் தெருக்காரன். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றான்.

"யக்கா, கூப்ட்டாங்க, வந்தேன்."

"நல்லா ஒட்டு நைனா. காத்துகூட பூராத மாதிரி ஒட்டு," என்றார் அக்கா. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வேலையைத் தொடர்ந்தான். வேறென்ன செய்வான்.

அதன்பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ கதவுகள் மூடுவதைப் பார்த்துவிட்டேன். போலீஸ் வைத்து, கோர்ட் வைத்து, ஆள் வைத்து மூடியவை. நல்லெண்ணத்தில் மாட்டிய ஒரு மீனால் மூடியது அது ஒன்றுதான். முறையிட ஆளே இல்லாமல் போயிற்று.

தெருவுக்குத் திரும்பியதும் பெண்கள் அடிபம்பு பக்கத்தில் கூடினார்கள். கொஞ்ச நேரம் சேட்டைத் திட்டினார்கள், கொஞ்ச நேரம் அக்காவைத் திட்டினார்கள். பிறகு கூட்டாளிதான், தன் அண்ணன் வீட்டில் ஒரு மீன்பாடி வண்டி சும்மா நிற்கிறது, கூடைகளை அதில் ஏற்றிச் சுற்று வழியில் கொண்டுபோகலாம் என்றார். முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டி. மிதிக்க ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவனா? எத்தினி நாளைக்கு இருப்பான்?" என்றார் அக்கா.

"கீற வரிக்கும் மிதிக்கட்டும்," என்றார் கூட்டாளி.

மறுநாள் இருட்டு பிரியும் முன் வண்டியை எடுத்தேன். பலகையில் காலிக் கூடைகள், அவற்றுக்கு நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்கா. மற்றவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். செயின் காய்ந்து கிறீச்சிட்டது. பெரிய சாலைக்கு வந்தபோது, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அடைத்துக்கொண்டு நின்றன. கடல் பக்கமிருந்து ஏலம் கூவும் சத்தம் லேசாகக் கேட்டது. அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி, இரண்டு லாரிகளுக்கு இடையில் வண்டியை நுழைத்துத் தள்ள ஆரம்பித்தேன்.