பூஜ்யம் போட்ட கை

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல சொல் வருவது அபூர்வம் என்பார்கள். நான் நாத்தனார். அதனால் சொல்வதைக் கொஞ்சம் நம்பிப் படியுங்கள்.

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். பக்கத்து அறைக்காரர்களுக்கு ஒன்றும் கேட்காது. எதிரில் நிற்பவருக்கு மட்டும் வியர்க்கும். என் அண்ணன் அதிகம் வியர்த்தவன்.

அவளுக்குக் கடலாய்வு நிலையத்தில் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு நுண்ணோக்கி, கட்டைவிரலால் தட்டி எண்ணும் ஒரு கருவி, எப்போதும் மருந்து நெடி. வாரம் ஒருமுறை படகில் போய் மெல்லிய வலையை இழுத்து, அதில் சேரும் மிதவை உயிரிகளை எண்ணுவாள். கோப்பில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நிலையத்தில் எல்லோரும் 'பொடி' என்றே சொல்வார்கள். கல்லுப்பைவிடச் சிறியவை.

"கண்ணுக்கே தெரியாததை எண்ண ஒரு ஆபீஸ்!" என்பான் அண்ணன்.

"தெரியற உங்களை எண்ணி என்ன ஆகப்போகுது?" என்பாள் அண்ணி.

பொடிக்கும் பருவம் உண்டு. முதல் மழையில் ஆற்று வெள்ளம் கடலில் இறங்கும், தண்ணீர் பச்சை பிடிக்கும். வயிறு நிறைந்ததும் தாய்ப்பொடிகள் வாலருகே இரண்டு முட்டைப் பைகளைச் சுமக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் குஞ்சு. இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் குஞ்சே தாய். இந்தக் குஞ்சுகளைத் தின்றுதான் மீன்குஞ்சுகள் பிழைக்கின்றன. நூறு தாய்களில் எத்தனை முட்டை சுமக்கின்றன என்று பதிவேட்டில் எழுதுவது அண்ணியின் பொறுப்பு.

நிலையம் தொடங்கிய புதிதில், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பதிவேட்டின் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். அது மழை தொடங்கிய மாதம். அவள் பொய் எழுதவில்லை, கண்ணில் பட்டதைத்தான் எழுதினாள். கெட்டுப்போகாமல் இருக்கப் பாட்டிலில் மருந்து ஊற்றுவார்கள். அந்தத் துடிப்பில் தாய்கள் பைகளை உதறிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதம், மருந்து ஊற்றும் முன் தற்செயலாகப் பார்த்தபோதுதான் அவளுக்கே விளங்கியது. உடனே திருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடிதம் கோப்புக்குப் போனது. பூஜ்யம் அச்சுக்குப் போனது. எந்தெந்த மாதம் பொடி பெருகும் என்று காட்டும் அச்சுப் பட்டியலில் அந்த மாதத்துக்கு நேராக 'இனப்பெருக்கம் இல்லை' என்று நின்றது.

அன்றிலிருந்து படகுத்துறையிலேயே, மருந்துக்கு முன்பே எண்ணிவிடுவாள். வருடா வருடம் அந்த மாதத்தில் முப்பது, நாற்பது என்று எழுதினாள். பட்டியலை யாரும் தொடவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, துறைமுகத்தை ஆழப்படுத்த மண் அள்ளும் கப்பல் வருவதாக இருந்தது. எந்த மாதம்? பட்டியலில் 'இனப்பெருக்கம் இல்லை' என்று நிற்கும் அதே மாதம். கிளம்பும் சேறு முட்டையையும் குஞ்சையும் ஒன்றாக மூடிவிடும். நிலைய அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. பட்டியல்ல பூஜ்யம்ல இருக்கு?"

"பட்டியல் தப்பு சார்."

"பாட்டிலை நானே பார்த்தேன். ஒண்ணுகூட சுமக்கல."

"பையெல்லாம் அடியில கிடக்கு சார். ஒருத்தி மயங்கி விழுந்து கையில இருந்த பை நழுவிட்டா, வெறுங்கையோட வந்தான்னு எழுதுவீங்களா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பூஜ்யத்தைப் போட்டதே நீங்கதானே? வெளியில சொன்னா எண்ணத் தெரியாதவங்களை வச்சிருக்கோம்னு ஆகும். அப்புறம் இந்த வேலை உங்களுக்கு இருக்காது. பேசாம பூஜ்யம் போடுங்க."

வீட்டில் அண்ணன் கெஞ்சினான். "ஒரு வட்டம்தானே, போட்டுட்டு வாயேன்."

அண்ணியின் குரல் தாழ்ந்தது. "அன்னிக்குத் தெரியாம போட்டேன். இன்னிக்குத் தெரிஞ்சே போடணுமா?"

அண்ணன் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமையை அன்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

துறைமுக வேலை பற்றி ஊராரிடம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டியலை வாசித்ததும் அண்ணி எழுந்தாள். "அந்தப் பூஜ்யம் என் தப்பு. நான்தான் போட்டேன்" என்றாள். மீனவர்கள் பக்கம் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். முன் வரிசையில் அதிகாரி குனிந்து காகிதங்களைப் புரட்டினார். அண்ணி அசையவில்லை. காலையில் எடுத்த கடல்நீரையும் நுண்ணோக்கியையும் மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, மொதல்ல இப்ப பாருங்க" என்றாள் கூட்டத் தலைவரிடம். அவர் குனிந்து பார்த்தார். அண்ணி இரண்டு சொட்டு மருந்து விட்டாள். "இப்ப பாருங்க."

தலைவர் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. தூக்கியபோது, "எல்லாம் கழண்டு விழுது" என்றார். மீனவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

கப்பலை மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள். அண்ணிக்கு மறுவாரமே ஓலை வந்தது. பழைய எண்ணிக்கையில் கவனக்குறைவு, தானாக விலகினால் நல்லது என்று அதில் இருந்தது. தப்பை மறைத்தவர்கள் அவரவர் நாற்காலியிலேயே இருந்தார்கள். தப்பை ஒத்துக்கொண்டவளுக்குத்தான் தண்டனை.

கடைசி நாள் அவள் சாமான்களைத் தூக்கிவர நானும் போனேன். எழுத்தர் நல்ல மனிதர். விலகல் படிவத்தை நீட்டும்போது அவரால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காரணம்னு இருக்கிற இடத்துல 'சொந்தக் காரணம்'னு எழுதிடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அண்ணி பேனாவை வாங்கி, நிதானமாக, எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

'காரணம்: முட்டை இருந்தது.'