படியில்லாத முன்வாசல்

ஹெட்லி பிரின்ஸ்டனுக்குப் படிவம் என்றாலே ஆகாது. முப்பத்தொரு வருஷம் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். விடுப்பு கேட்டு நாலு வரி எழுதுவதற்குக்கூட மனைவி மர்ட்டிலைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர், சொந்த வீட்டுக் கொல்லையில் சின்னதாக இன்னொரு வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறதென்று வானொலியில் கேட்ட அன்றே தன் ஊரான ஸ்பூன் கோவின் தபால் நிலையத்துக்கு நடந்தார். பதினான்கு பக்கப் படிவத்தை வாங்கிவந்து சமையலறை மேஜையில் விரித்தார்.

"யாரைக் குடிவைக்கப் போறீங்கன்னு கேட்டிருக்கான்," என்றாள் மர்ட்டில்.

"டல்சின்னு எழுது."

மர்ட்டில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏ மனுஷா, உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"வீடு இருந்தாத்தானே கேக்க முடியும்? முதல்ல எழுது."

டல்சிக்கு எழுபத்தேழு வயது. ஐம்பத்தேழு வருஷமாக நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில் இருக்கிறாள். இடையில் இரண்டு தடவை ஊருக்கு வந்தாள். அப்பா சாவுக்கு ஒன்று, அம்மா சாவுக்கு ஒன்று. இரண்டு தடவையும் நெடுஞ்சாலை விடுதியில் தங்கி, தேவாலயத்துக்கு வந்து, கல்லறையில் பூ வைத்து, அப்படியே திரும்பிவிட்டாள். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இப்போது அவளுடைய மகன் ராண்டல் அங்கேயே எட்மன்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்திருந்தான். நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

உதவித்தொகைக்கு நிபந்தனைகள் இருந்தன. குடிவருபவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும், வாடகை ஊர் வாடகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. மர்ட்டில் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க ஹெட்லிக்குச் சிரிப்புதான் வந்தது.

"அப்போ வீட்டைத் தூக்கிட்டுப் போன்னு காசு கொடுத்தான். இப்போ வீட்டைக் கட்டிட்டு உக்காருன்னு காசு கொடுக்கிறான். இவனுக்கு எங்க குடும்பத்தைத் தவிர வேற வேலையே இல்லையா?"

அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. நியூஃபவுண்ட்லாந்தில் அந்தத் தலைமுறைக்கு அது நடந்த கதை. அறுபத்தேழாம் வருஷம் கேண்டில் தீவில் இருந்த பத்தொன்பது குடும்பங்களும் அரசாங்கப் பணத்தை வாங்கிக்கொண்டு இக்கரையில் ஸ்பூன் கோவுக்கு வந்தன. யாரும் வீட்டை விட்டுவிட்டு வரவில்லை, வீட்டோடு வந்தார்கள். அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டி, வீட்டைக் கடலில் இறக்கி, ஐந்து படகுகளில் கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட்லிக்கு அப்போது பதினேழு வயது. விரிகுடாவின் நடுவில், அலையில் ஆடிக்கொண்டு வந்த தன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்ததை அவர் படகிலிருந்து பார்த்தார். அம்மா அடுப்பை அணைக்கவில்லை. கரைசேர்ந்ததும் முதல் வேலையாக எல்லோருக்கும் டின் பால் விட்டு டீ கொடுத்தாள். ஒரு கோப்பைகூட உடைந்திருக்கவில்லை. அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார் ஹெட்லி. எழுபத்து நாலு வயதில் முந்தாநாள் சாப்பிட்டது மறந்துபோகும், அது மறக்காது.

படிவம் போய் ஆறு வாரத்தில் ஒப்புதல் வந்தது. அதற்குப் பிறகுதான் ஹெட்லி அக்காவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

"வாடகை வாங்குவியா?" என்று கேட்டாள் டல்சி.

"வாங்கலன்னா அரசாங்கம் என்னை உள்ள வச்சிரும் அக்கா."

"அப்போ சரி, யோசிக்கிறேன். ஆனா நம்ம வீட்டு ஆம்பளைங்க வாய்ப்பேச்சை நம்பி ஒரு தடவை பட்டாச்சு. குடியிருக்கலாம்னு முத்திரை குத்தின காகிதம் வேணும். அது கண்ணுல படாம நான் இங்கிருந்து ஒரு பெட்டியைக்கூட அசைக்க மாட்டேன்."

கோடை முழுக்க ஹெட்லி அந்த வீட்டில்தான் கிடந்தார். உதவித்தொகையின் முதல் பாதி மரத்துக்கும் ஓட்டுக்கும் போயிற்று. ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, மீதியெல்லாம் சமையலறை. இவ்வளவு பெரிய சமையலறை எதற்கு என்று ஸ்பூன் கோவ் ஊரில் யாரும் கேட்கவில்லை. மனிதர்கள் உட்காரும் இடம் வேறெங்கே இருக்கிறது? பின்கதவு நேரே அடுப்படிக்குத் திறந்தது. வரைபடம் இன்னொரு கதவும் கேட்டதால் முன்பக்கம் நல்ல மேப்பிள் மரத்தில் ஒரு கதவு வைத்து, நீல வண்ணம் அடித்து, உள்ளே பித்தளைத் தாழ்ப்பாளும் மாட்டினார்.

அக்டோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். டெம்ப்ஸி என்று பெயர், பெருநகரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த மனிதர். முதலில், கடலில் மிதந்து வந்த அந்தப் பெரிய வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். முன்கதவு அவருடைய நெஞ்சு உயரத்தில், எதையும் தொடாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கதை.

"இந்தக் கதவுக்குப் படி எங்கே?"

"படியா?" என்றாள் மர்ட்டில். "அந்த வழியா யாரு ராசா வரப்போறாங்க?"

"நான் வரணுமே அம்மா."

"நீங்க பின்னால வந்திருக்கலாமே! டீ ஆறிட்டிருக்கு."

இந்த ஊரில் முன்கதவு என்பது வீட்டுக்கு முகம் வேண்டுமே என்று வைப்பது. பாதிரியாரும் சவப்பெட்டியும் போனால் உண்டு. மற்ற எல்லோரும் பின்பக்கமாக, தட்டாமல், செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்கு வருவார்கள். ஹெட்லி வேண்டுமென்று படியை விடவில்லை; படி வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் நின்றன. டெம்ப்ஸி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உப்பு மாட்டிறைச்சியும், வெல்லப்பாகு ஊற்றிய பொரித்த மாவு ரொட்டியும் ஒரு கை பார்த்தார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

"பின்பக்கம் தீப்பிடிச்சா, உள்ளே இருக்கிற வயசானவங்க இந்தப் பக்கமா எப்படி இறங்குவாங்க?"

"குதிப்பாங்க," என்றார் ஹெட்லி.

சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டார். மர்ட்டில் அவரைப் பார்த்தாள். டெம்ப்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழக்கிழமை இந்தப் பக்கம் இன்னொரு வேலை இருக்கிறது, அன்று காலைக்குள் கைப்பிடியோடு படி இருந்தால் கையெழுத்து போடுகிறேன், இல்லையென்றால் அடுத்த சுற்று டிசம்பரில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். டிசம்பரில் டல்சி எட்மன்டன் இல்லத்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள்.

அன்று மத்தியானம் மரக்கட்டைகளை அளந்துகொண்டே ஹெட்லி அந்த நாளுக்குப் போய்விட்டார். வீடு கரையேறிய மறுநாள். புது மண்ணில் கம்பங்கள் மேல் நின்ற வீட்டில் சமையலறை நிறைய அக்கம்பக்கத்தார். தீவில் பதினோரு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் டல்சி. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். தீவைக் காலிசெய்யச் சம்மதிக்கும் தாளில் கடைசி ஆளாகத்தான் கையெழுத்துப் போடுவேன், உன்னைக் கேட்காமல் போட மாட்டேன் என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். முதல் கையெழுத்தே அவருடையதுதான் என்பது அன்றைக்கு யாரோ சிரித்துக்கொண்டு சொன்னபோது வெளியே வந்தது.

"காசைக் காட்டினா எங்களை எல்லாம் கடல்ல தள்ளிடுவியா அப்பா?" என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாள் டல்சி.

"பிடிக்கலன்னா கதவு இருக்கு," என்று பின்கதவைக் காட்டினார் அப்பா. அதன் பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவரைத் தாண்டிப் போக அவளுக்கு மனமில்லை. பெட்டியை எடுத்தாள், திறக்காத முன்கதவைத் திறந்தாள், நாலடி உயரத்திலிருந்து சேற்றில் குதித்தாள். பெட்டியை மேலிருந்து இறக்கிக் கொடுத்தவர் ஹெட்லி. "குளிர் வருது, தாழ்ப்பாள் போட்டுக்கோ," என்றாள். அவர் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு யாரும் படி வைக்கவில்லை. அப்பாவும் வைக்கவில்லை, ஹெட்லியும் வைக்கவில்லை. ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது.

புதன்கிழமை முழுக்க மழை. தார்ப்பாய் கட்டி அதன் கீழே மூன்று படி அறுத்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அக்காவின் உள்ளங்கையில் சிராய் ஏறக் கூடாதென்று நாலு தடவை தேய்த்தார். வியாழக்கிழமை டெம்ப்ஸி ஏறினார், இறங்கினார், ஒரு உதை உதைத்துப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். மர்ட்டில் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது: "வரேன்."

பத்து நாள் கழித்து வந்தாள். ஹெட்லி காலையிலிருந்தே சின்ன வீட்டுச் சமையலறையில் பின்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கெண்டி நாலாவது தடவையாகக் கொதித்தது. வாடகைக் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் காலடி கேட்டது. பின்கதவு அசையவில்லை.

முன்கதவை யாரோ தட்டினார்கள்.

"போ," என்றாள் மர்ட்டில் மெதுவாக. "உன்னோட அக்காதான்."

ஹெட்லி எழுந்து போனார். கதவின் சின்னக் கண்ணாடியில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தார். ஐம்பத்தேழு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவள் அந்நியரைப் போலத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். கையை எடுத்துவிட்டார்.

"யாரது?"

"நான்தான்."

"தட்டுறவங்க யாரையும் எங்களுக்குத் தெரியாது. பாதிரியாரா?"

"ஹெட், குளிருதுடா!"

"இந்த வீட்டு மனுஷியா இருந்தா பின்னால சுத்தி வா."

போய்விடுவாளோ என்று அவருக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு புதுப் படியில் மூன்று காலடி இறங்கிற்று. சுவரையொட்டிப் பெட்டிச் சக்கரம் உருண்டது. பின்கதவு தட்டாமல் திறந்தது. காற்றோடு சேர்ந்து டல்சி உள்ளே வந்து, செருப்பை உதறிவிட்டு, அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மர்ட்டில் கையில் டீயைக் கொடுத்தாள். ஹெட்லி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டார்.

டல்சி பாதி டீ குடித்தாள். முன்கதவின் பித்தளைத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ தாழ்ப்பாள் போட்ட சத்தம் சாலை வரைக்கும் கேட்டுச்சு, ஹெட்."

"நீதானே அக்கா போடச் சொன்ன."

"சொன்னேன்தான். நீ போடுவேன்னு நினைக்கல."

ஹெட்லி எழுந்தார். இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு முன்கதவுக்குப் போனார். தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.