எலிமினேஷனைப் பார்க்காதவள்

நேற்று குக்கருக்குப் புது கேஸ்கட் வாங்கி வந்தேன். கவரைப் பிரித்ததும் ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்குப் பசி எடுக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட். வண்டிகளுக்கான ரப்பர் வாஷரைப் பிசிறு பார்த்து, கவரில் போட்டு ஒட்டுவது எங்கள் வேலை. கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் லெமன் சாதத்தோடு அந்த வாசனையும் சேர்ந்துதான் வாய்க்குள் போகும். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. பயப்பட எனக்குத் தனியாகக் காரணம் வேண்டாம். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசை ஆறு பேரும் ஒரே போனில் அந்த ஆட்டத்தைப் பார்ப்போம். ஆட்களைத் தீவில் கொண்டுபோய் விட்டு, அணி பிரித்து, யாரை வெளியே அனுப்பலாம் என்று அவர்களையே ஓட்டுப் போட வைப்பார்களே, அதுதான். போன் ஜெயந்தியுடையது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பாள். அதில் ஒரு தாடிக்காரன் இருந்தான். ஒருவனிடம் சத்தியம் செய்துவிட்டு, மரத்தைச் சுற்றி வந்து அடுத்தவனிடமும் அதே சத்தியத்தைச் செய்வான்.

"இவன்லாம் சோறுதான் துண்றானா?" என்று ஜெயந்தி போனைப் பார்த்துக் கையை ஓங்குவாள்.

"அவன் ஆடறான்டி. கோயிலுக்கா வந்துகீறான்?" என்பாள் தேவகியக்கா.

ஓட்டுச் சீட்டைப் பிரிக்கும் இடம் வந்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து போனுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். அங்கிருந்து ஐந்து முகங்கள் தெரியும். ஜெயந்தி மெல்லுவதை நிறுத்தினால் சீட்டு பிரிகிறது என்று அர்த்தம். யாராவது சோறு பிசைகிற கையை அப்படியே நிறுத்தினால் ஓட்டு சமமாக இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திட்டினால் நல்லவன் ஒருவன் போய்விட்டான். அந்த சீசன் முழுவதையும் நான் அப்படித்தான் பார்த்தேன். போனில் ஓடியதைவிட அது நல்ல ஆட்டம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

முந்தின இரவே வீட்டில் பார்த்துவிட்டு வந்தவர்கள் மூச்சு விடக் கூடாது என்பது மேசைச் சட்டம். ஜெயந்தியால் அது முடியாது. அதனாலேயே வீட்டில் பார்க்க மாட்டாள். தேவகியக்காவோ ஒவ்வொரு தடவையும் "அடப்பாவி!" என்று எங்களோடு சேர்ந்து பதறுவாள். ஆவடி பஸ்ஸில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது, அவள் ஒருநாள் விடாமல் இரவே பார்த்துவிட்டு வருகிறாள் என்று.

"இன்னாக்கா, இப்படி நடிக்கிற?" என்றேன்.

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உங்களுக்கு ருசி பூடும்டி."

அசந்துபோனேன். கொஞ்சம் பயந்தும் போனேன். இப்படி மறைக்கத் தெரிந்த முகத்தை எப்படி நம்புவது?

அந்த சமயத்தில்தான் சூப்பர்வைசர் மேசைக்கு வந்தார். நசரத்பேட்டை குடோனுக்கு ஒரு ஆள் வேண்டும், யார் என்று எங்களுக்குள்ளேயே பேசி ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்றார். நான் வெள்ளானூரிலிருந்து வருகிறவள். குடோன் வேலை என்றால் பஸ் மாறி மாறி வீடு சேர இருட்டிவிடும். என் மகள் பாப்பா அப்போது மூன்றாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய கேட்டில் நிற்பாள். என்னை அனுப்பினால் வேலையை விட வேண்டியதுதான். அந்த மேசையில் கை மெதுவான ஆளும் நான்தான். ஓட்டு யாருக்கு விழும் என்று ஜோசியமா பார்க்க வேண்டும்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தேவகியக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஒவ்வொருத்தியா உள்ள போங்க. 'என்னியே அனுப்பு சார்'னு சொல்லிட்டு வாங்க. வேற பேரு வாயில வரக் கூடாது."

"சரி போன்னு சொல்ட்டான்னா?" என்றாள் ஜெயந்தி.

"ஆறு பேரும் சொன்னா யாரைப் போன்னுவான்? தாடியால இதை ஆட முடியாதுடி. அவன்கூட நிக்க ஆளு இல்ல."

ஐந்து பேரும் போய் வந்தார்கள். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. கடைசி ஆள் நான். ஆட்டத்தில் இந்த மாதிரித் திட்டமெல்லாம் கடைசி ஆளிடம்தான் உடையும். இவர்கள் ஐந்து பேரும் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருந்தால்? நானும் என் பெயரையே சொன்னால் பாப்பா கேட்டில் நிற்க வேண்டியதுதான். சூப்பர்வைசர் அறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது ஜெயந்தி பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"என்னையே அனுப்புங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மேசையில் போட்டார். "நீயுமாம்மா? ஆறு பேரும் இதையே சொல்லிக்கினு வந்தா நான் யாரை அனுப்பறது? போ, வாரத்துக்கு ஒருத்தியா போய் வாங்க."

வெளியே வந்தேன். மெல்லாத வாய், பாதியில் நின்ற கை என்று ஐந்து முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவர்களுக்கு நான்தான் போன். தேவகியக்கா மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை. அழுதுவிட்டேன்.

"இன்னாடி, அவுட்டா?" என்று ஜெயந்தி எழுந்தேவிட்டாள்.

சொன்னேன். தேவகியக்கா எதையும் மறைக்காமல் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லாதது அப்போதுதான் தெரிந்தது. என் வாரம் வந்தபோது பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் போனாள்.

அந்த யூனிட் இப்போது இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஜெயந்தி எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தேவகியக்கா எப்போதாவது போன் செய்வாள். குரல் மட்டும்தான்.

நேற்று கேஸ்கட்டை மாட்டிவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்தேன். டிவியில் புது சீசன். பாப்பா இப்போது பிளஸ் ஒன். அறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு தன் போனில் தனியாகப் பார்க்கிறாள். சீட்டைப் பிரிக்கும் இசை வந்தது. பழக்கம், எழுந்து டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டேன். எதிரே சோபா, அதன்மேல் மடிக்காத துணி.

யார் வெளியே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.